சாமுண்டராயர்: வென்றவரும் பணிந்தவரும்

சிரவணபெளகொளாவுக்கு யாத்திரை செல்லும் நம் குடும்பத்தார் விந்தியகிரியின் அறுநூற்றுக்கு மேற்பட்ட படிகளை ஏறி, கோமடேசுவரரின் திருமுன் நின்றதும் முகத்தையே நோக்குவர். அது இயல்பே. ஏறத்தாழ 57 அடி உயரத்தில், ஒரே பாறையில் உருவான அத்திருமேனியின் முகத்திலிருந்து கண்ணை எடுப்பது எளிதன்று. ஆயினும் ஒருகணம் பார்வையைத் தாழ்த்தித் திருவடிகளின் பக்கம் நோக்கினால், அங்கே நம் மொழியும் இருக்கக் காணலாம். இச்சிலையைச் செய்வித்தவர் சாமுண்டராயர் என்னும் செய்தி கன்னடத்திலும் மராத்தியிலும் பொறிக்கப்பட்டிருப்பதோடு, கிரந்தமும் வட்டெழுத்தும் கொண்டு தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது. தமிழ் பேசும் சிராவகர் இங்கு வந்து வணங்குவர் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எண்ணிப் பொறித்திருக்கிறார்கள்.

அப்பெயருக்கு உரியவர் யார்? அவர் அரசர் அல்லர், துறவியும் அல்லர். அமைச்சர், படைத்தலைவர், நூலாசிரியர், ஒரு தாய்க்கு மகன், ஒரு மகனுக்குத் தந்தை. இல்லறத்தில் இருந்துகொண்டே பெரும் பொறுப்புகளைச் சுமந்த ஒருவரின் வாழ்க்கை, வீட்டையும் தொழிலையும் சங்கப் பணிகளையும் சேர்த்துச் சுமக்கும் நமக்கு மிக நெருக்கமானது. ஆதலின் அதனை இங்கே சுருக்கமாகக் கூற விழைகின்றோம்.

காலமும் களமும்

கி.பி. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதி. இன்றைய தென் கருநாடகத்தைக் கங்கர் குலத்தவர் தலைக்காட்டிலிருந்து ஆண்டு வந்தனர். அவர்கள் இராட்டிரகூடப் பேரரசர்களுக்கு உறவினரும் துணைவரும் ஆவர். கங்க மன்னர் இரண்டாம் மாரசிம்மரிடம் சாமுண்டராயர் அமைச்சராகவும் படைத்தலைவராகவும் பணியாற்றினார்.

அது நிலைகுலைந்த காலம். 973-ஆம் ஆண்டில் சாளுக்கிய இரண்டாம் தைலபர் இராட்டிரகூட ஆட்சியை வீழ்த்தினார். வீழ்ந்த குலத்தின் இளவரசர் நான்காம் இந்திரரை மீண்டும் அரியணை ஏற்ற மாரசிம்மர் முயன்றார், முயற்சி பலிக்கவில்லை. 974-இல் மாரசிம்மர் பங்காபுரத்தில் அஜிதசேன ஆசாரியரின் திருமுன் சல்லேகனை நோற்று உயிர் நீத்தார். இந்திரரும் 982-இல் சிரவணபெளகொளாவில் அதே நோன்பால் உலக வாழ்வை முடித்துக்கொண்டார். பேரரசு சரிந்தது, தம் மன்னரும் மறைந்தார். இந்த நெருக்கடியில்தான் சாமுண்டராயரின் தன்மை வெளிப்பட்டது.

போர்க்களத்துப் பட்டங்கள்

சாமுண்டராயருக்குப் பட்டங்கள் பல. அவை புலவர்களின் வெற்றுப் புகழ்ச்சி அல்ல. பெரும்பாலும் ஒவ்வொரு பட்டத்துக்கும் ஒரு களம் உண்டு. கேடகப் போரில் வஜ்ஜலனை வென்றமைக்காகச் சமர துரந்தரர். நுளம்பரோடு கோனூரில் பொருதமைக்காக வீர மார்த்தாண்டர். உச்சங்கிக் கோட்டைப் போருக்காக ரணரங்க சிங்கர். இவ்வாறு அப்பட்டியல் நீள்கின்றது.

அவற்றுள் ஒன்று நம்மைச் சற்றே நிறுத்துகின்றது. அது சமர பரசுராமர் என்னும் பட்டம். சாமுண்டராயரின் தம்பி நாகவர்மரை முதுராசய்யன் என்பவன் கொன்றான். சாமுண்டராயர் அவனைப் போரில் கொன்று தம்பியின் சாவுக்குப் பழி தீர்த்தார். அதனால் வந்த பட்டம் இது. பரசுராமர் என்பது தீராச் சினத்துக்கு உவமையாக வழங்கும் பெயர்.

அஹிம்சையைப் பரம தருமமாகக் கொண்ட நம் சமயத்தில் இதற்கு இடமுண்டோ என்று இளைஞர்கள் வினவுவர். வினவுதல் நன்றே. இல்லறத்தார்க்கு உரிய அநுவிரதத்தில், வேண்டுமென்றே எண்ணிச் செய்யும் கொலை அறவே விலக்கப்பட்டது. நாட்டையும் உயிரையும் காக்க எதிர்த்து நிற்கையில் நேரும் இம்சையை இல்லறத்தார் முற்றிலும் தவிர்க்க இயலாது என்பதை நம் ஆசாரியர்கள் ஏற்றுள்ளனர். ஆயினும் வினை பற்றாது என்று அவர்கள் எங்கும் கூறவில்லை. பகைவரைத் தடுத்தல் கடமையாகலாம். தம்பிக்காகக் கொண்ட சினம் கஷாயமே. சாமுண்டராயரின் வரலாற்றைப் படிப்பவர் இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தல் வேண்டும். அவர் குறையில்லாத் திருவுரு அல்லர், நம்மைப் போன்ற இல்லறத்தாரே.

அவருக்கு வேறு வகைப் பட்டங்களும் இருந்தன. விளையாட்டுக்கும் பொய் சொல்லாதவர் என்பதால் சத்திய யுதிஷ்டிரர் என்று அழைக்கப்பட்டார். நற்காட்சிக்குக் கடல் போன்றவர் என்னும் பொருளில் சம்யக்த்வ ரத்னாகரர் எனப்பட்டார். களத்தில் வென்ற பட்டங்களுக்கு மாற்றார் ஒருவர் தோற்றிருக்க வேண்டும். வாய்மைக்கு வந்த பட்டத்துக்கோ தோற்றவர் எவருமில்லை. ஒரே மனிதர் இவ்விரு வகையையும் சுமந்தார் என்பதே இவ்வரலாற்றின் சுவை.

அரியணைக்கு அருகில்

மாரசிம்மருக்குப் பின் கங்க நாட்டில் அரசுரிமைப் பூசல் மூண்டது. பாஞ்சாலதேவர் என்பவர் தாமே ஆள முற்பட்டார். படையும் புகழும் கையிலிருந்த சாமுண்டராயரும் அப்போட்டியில் இறங்கியிருக்கலாம். அக்காலத்தில் அது புதுமையன்று. அவர் அவ்வாறு செய்யவில்லை. மாரசிம்மரின் வழிவந்த நான்காம் இராசமல்லரின் பக்கம் நின்று, அவருடைய ஆட்சியை நிலைநிறுத்தி, அவருக்கு அமைச்சராகவே இருந்தார்.

தலைமை என்றால் தலைமை நாற்காலி என்று எண்ணுவோர்க்கு இது விளங்காது. போரில் எவரையும் முந்த வல்ல ஒருவர், அரியணைக்கு முன் இரண்டாம் இடத்தில் நிற்கத் தாமே இசைந்தார். போட்டியிடும் ஆற்றல் இல்லாதவர் ஒதுங்குவதைப் பணிவு என்று சொல்லிவிட இயலாது. ஆற்றல் இருந்தும் எல்லையை அறிந்து நிற்பதே பணிவு.

தாயும் ஆசானும் நூலும்

சாமுண்டராயரின் ஒழுங்கு மூன்று தூண்களின்மீது நின்றது. முதலாவது தாய். அவர் பெயர் காளலாதேவி. இரண்டாவது ஆசான்மார். மாரசிம்மரின் இறுதி நோன்பை நடத்திய அஜிதசேனர் சாமுண்டராயருக்கும் ஆசான். சித்தாந்த சக்கரவர்த்தி என்று போற்றப்பெறும் நேமிசந்திர ஆசாரியரிடமும் அவர் பாடம் கேட்டார். உயிரின் நிலைகளையும் வினையின் வகைகளையும் விரிக்கும் கோமட்டசாரம் என்னும் பேரிலக்கணம் சாமுண்டராயரின் பொருட்டே இயற்றப்பெற்றது. கோமட்டர் என்பது சாமுண்டராயரின் மற்றொரு பெயர். அதுவே நூலின் பெயரில் நிற்கின்றது. ஜீவகாண்டம், கர்மகாண்டம் என்னும் இரு பகுதிகளும் எளியவை அல்ல. எண்ணும் கணக்கும் செறிந்த அந்நூலைப் பயில நாள்தோறும் நேரம் ஒதுக்கி, மாணாக்கராய்க் கீழே அமர வேண்டும். படை நடத்தியவர் அவ்வாறு அமர்ந்தார். ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பல்லாண்டுகள் வகுப்பறையில் நின்ற நமக்கு, இது அவருடைய எந்த வெற்றியினும் பெரிதாகத் தோன்றுகின்றது. பெரியவர் ஒருவர் மீண்டும் மாணாக்கராவது எத்துணை அரிது என்பதை ஆசிரியர் அறிவர்.

மூன்றாவது நூல். 978-ஆம் ஆண்டில் அவர் கன்னட உரைநடையில் திரிசஷ்டிலட்சண மகாபுராணத்தை இயற்றி முடித்தார். அறுபத்து மூன்று மகாபுருஷர்களின் வரலாற்றைக் கூறும் அந்நூல் சாமுண்டராய புராணம் என்றே வழங்குகின்றது. கன்னட உரைநடையின் மிகப் பழைய நூல்களில் அது ஒன்று. நம் இல்லங்களில் ஸ்ரீபுராணம் பெற்றுள்ள இடத்தை அங்கே அதற்கு ஒப்பிடலாம். காவியம் பாடிப் புலவரோடு போட்டியிடாமல், எல்லோர்க்கும் விளங்கும் உரைநடையைத் தேர்ந்தார் என்பது நோக்கத்தக்கது.

தமையனும் தம்பியும்

அப்புராணத்தின் முற்பகுதியில், ஆதிபகவனின் மக்களாகிய பரதனும் பாகுபலியும் வருகின்றனர். கதை நாம் அறிந்ததே. நாடு முழுவதும் வென்று வந்த பரதன் தம்பியும் தமக்குப் பணிய வேண்டும் என்றான். தந்தை தந்த நாட்டுக்குத் தமையனிடம் பணிய வேண்டியதில்லை என்றான் பாகுபலி. இரு படைகளும் அழிய வேண்டா என்று முதியோர் தடுக்க, இருவரும் தாமே தனித்துப் பொருதனர். பார்வைப் போர், நீர்ப்போர், மற்போர் ஆகிய மூன்றிலும் தம்பியே வென்றான். தோல்வி பொறாத பரதன் சக்கரத்தை ஏவினான். அதுவோ உடன்பிறந்தவனைத் தீண்டாமல் நின்றுவிட்டது.

வென்ற பாகுபலி அக்கணமே வெற்றியைத் துறந்தான். ஓராண்டு அசையாது நின்றான். புற்று எழுந்தது, கொடி படர்ந்தது. ஆயினும் தன்னால் தமையன் மனம் நொந்தது என்னும் நினைவு உள்ளத்தில் முள்ளாய்க் கிடந்தது. பரதனே வந்து வணங்கிய பின்னரே அது நீங்கிக் கேவலஞானம் எய்தியது.

கதையின் இந்த முடிவைக் குடும்பத்தார் யாவரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாடு, பொருள், உடல் ஆகிய அனைத்தையும் விட்டவர்க்கும் உடன்பிறந்தவரின் மனவருத்தம் தடையாக நின்றது. அத்தடையை அவர் தனியே நீக்கிக்கொள்ளவும் இயலவில்லை. மற்றவர் வர வேண்டியிருந்தது. பரதன் வந்தான் என்பதே அவனுக்கு உரிய பெருமை.

தம்பிக்காகப் பழி தீர்த்தவர் சாமுண்டராயர். வாழ்வின் பிற்பகுதியில் மலைமேல் நிறுத்துவதற்கு அவர் தேர்ந்தெடுத்தது, வாளேந்திய வீரரின் உருவத்தை அன்று. தமையனை வென்றபின் கைகளைத் தொங்கவிட்டு நிற்கும் தம்பியின் உருவத்தை. இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் நம் நெஞ்சம் கனிகின்றது.

மலைமேல் எழுந்த திருமேனி

978-இல் முடிந்த புராணத்தில் சிலையைப் பற்றிய பேச்சில்லை. ஆதலின் சிலை அதற்குப் பின் எழுந்தது என்பர் அறிஞர். 981 என்பது பொதுவாக ஏற்கப்பட்ட ஆண்டு. 1981-இல் ஆயிரமாவது ஆண்டு விழாவும் மகாமஸ்தகாபிஷேகமும் நடந்தன.

1180-ஐ ஒட்டிப் பொப்பணர் என்னும் புலவர் பாடிய கல்வெட்டு, சிலை தோன்றிய வரலாற்றைக் கூறுகின்றது. பௌதனபுரத்தில் பரதன் எடுப்பித்த பாகுபலியின் திருவுருவைக் காணச் சாமுண்டராயர் விரும்பினார் என்றும், அது எட்டா இடத்தில் உள்ளது என்று பெரியோர் உரைக்கவே தாமே ஒன்றை எடுப்பித்தார் என்றும் அது தெரிவிக்கின்றது. பிற்கால மரபு அவ்விருப்பத்தைத் தாய்க்கு உரியதாக்குகின்றது. பௌதனபுரத்து இறைவனைக் காணும் வரை பாலருந்தேன் என்று காளலாதேவி நோன்பு பூண்டார். மகன் தாயை அழைத்துக்கொண்டு புறப்பட்டார். வழியில் சிரவணபெளகொளாவில் தங்கிய இரவில் கூஷ்மாண்டினி தேவி கனவில் தோன்றி, சந்திரகிரியிலிருந்து எதிர்மலைக்கு அம்பு எய்யப் பணித்தாள் என்பது கதை. கூஷ்மாண்டினி என்பவள் நம் கோயில்களில் தருமதேவியாக விளங்கும் அம்பிகையே. போர்களில் எய்த அம்புகள் எத்தனையோ. தாய்க்காக எய்த இந்த ஓர் அம்பையே மக்கள் நினைவில் வைத்துள்ளனர்.

குல்லகாயஜ்ஜி

சிலை முடிந்தது, முதல் அபிடேகம் தொடங்கியது. இங்கேயும் மரபு ஒரு கதை சொல்கின்றது. சாமுண்டராயர் குடங்குடமாகப் பால் சொரிவித்தார். இத்துணைப் பெரிய திருமேனியை எழுப்பியவர் நாமே என்னும் எண்ணம் அவருள் எழுந்ததாம். பால் இடைக்குக் கீழே இறங்கவில்லை. அப்போது ஏழை மூதாட்டி ஒருத்தி, குடைந்த சிறு குல்லகாயில் கொணர்ந்த பாலை வார்க்க இசைவு வேண்டினாள். கூட்டத்தார் நகைத்தனர். அவள் வார்த்த சிறிது பால் திருமுடி முதல் திருவடி வரை நனைத்துக் கீழே ஓடியது. தேவியே அவ்வுருவில் வந்தாள் என்பது நம்பிக்கை.

இதனைக் கதை என்றே கொள்வோம். ஆயினும் கல்லில் உள்ளது கண்கூடு. அம்மூதாட்டியின் சிலை, கையில் சிறு கலத்தோடு, கோமடேசுவரருக்கு எதிரே திருச்சுற்றுக்கு வெளியே இன்றும் நிற்கின்றது. மாமலையைக் குடைந்த தலைவரின் செருக்கை அடக்கிய ஏழையை, அத்தலைவரின் பெருஞ்செயலுக்கு எதிரிலேயே நிறுத்தி வணங்கும் வழக்கம் நம் சமயத்தின் பெருந்தன்மை. நான்கு கஷாயங்களுள் மானம் என்பது கொடையின் வடிவிலும் வரும் என்பதை இதைவிடத் தெளிவாகக் குழந்தைகளுக்கு உணர்த்த இயலாது.

அழிக்கப்பட்ட கல்வெட்டு

சாமுண்டராயரின் வாழ்வில் உள்ள மற்றொரு செய்தி அவர் அறியாமல் நிகழ்ந்தது. விந்தியகிரியில் தியாகத பிரமதேவர் தூண் என்னும் அழகிய கற்றூண் ஒன்று உண்டு. அதன் நாற்புறத்திலும் சாமுண்டராயரின் குலமும் வெற்றிகளும் விரிவாகப் பொறிக்கப்பட்டிருந்தன. 1200-ஐ ஒட்டி ஹெக்கடே கண்ணன் என்பவர் அத்தூணின்மேல் ஒரு யட்சன் உருவைச் செய்வித்தார். தம் சிறு கொடையைப் பற்றி இரண்டரை வரி எழுதும்பொருட்டுத் தூணின் மூன்று புறத்து எழுத்துகளையும் செதுக்கி அழித்துவிட்டார். வடபுறத்து எழுத்து மட்டும் எஞ்சியது.

பெருவீரரின் வெற்றிப் பட்டியலில் பெரும்பகுதி இவ்வாறு மறைந்தது. திருவடியில் உள்ள சில சொற்களோ நிலைத்தன. அங்கே அவர் பட்டம் எதையும் பொறித்துக்கொள்ளவில்லை. செய்வித்தவர் இன்னார் என்பதோடு முடித்தார்.

மகனும் மாணவரும்

ஒருவரின் தலைமை அவருக்குப் பின் வருவோரிடத்தில் தெரியும். சாமுண்டராயரின் மகன் ஜினதேவணர். சந்திரகிரியில் உள்ள சாமுண்டராய பஸ்தியின் மேல்தளத்துப் பார்சுவநாதர் பீடத்தில் அவரைப் பற்றிய எழுத்து உள்ளது. காலம் ஏறத்தாழ 995. அமைச்சரின் மகன் என்றும், அஜிதசேன முனிவரின் மாணாக்கர் என்றும் அது அவரைக் குறிக்கின்றது. தந்தையின் போர்ப்பட்டங்களைச் சுமக்கும் கட்டாயம் மகனுக்கு இல்லை. தந்தையின் ஆசானே மகனுக்கும் ஆசானாயினார். தந்தையைப் போலவே மகனும் கோயில் எடுப்பித்தார்.

முதோளில் வளையல் விற்கும் குடியில் 949-இல் பிறந்த ரன்னர், கல்வி வேட்கையோடு சிரவணபெளகொளாவை அடைந்து அஜிதசேனரிடம் பயின்றார். சாமுண்டராயர் அவரை ஆதரித்தார். பின்னர் ரன்னர் கன்னடத்தின் பெரும் புலவர்களுள் ஒருவராய், 993-இல் அஜித புராணத்தை இயற்றினார். அவர் புகழ் பெற்றது கங்கர் அவையிலன்று, இராட்டிரகூடரை வீழ்த்திய சாளுக்கியரின் அவையில். ஆயினும் நன்றி மறவாத ரன்னர் தம் மகனுக்கு ராயர் என்றும், தம்மை ஆதரித்த மற்றொரு பெருமாட்டியின் பெயரால் மகளுக்கு அத்திமப்பை என்றும் பெயர் சூட்டினார். நாம் வளர்த்தவர் நம்மிடமே இருக்க வேண்டும் என்னும் பிடி ஒரு வகை லோபமே. அப்பிடியின்றி வளர்த்தவரின் பெயர், மற்றொரு வீட்டுத் தொட்டிலில் வழங்கியது.

கங்கர் ஆட்சி நெடுநாள் நிலைக்கவில்லை. 1004-ஐ ஒட்டிச் சோழர் தலைக்காட்டைக் கைப்பற்றினர். சாமுண்டராயர் காத்த கோட்டைகள் கைமாறின. அவர் பயின்ற நூலும், எழுதிய நூலும், எழுப்பிய திருமேனியும் கைமாறவில்லை. பின்வந்த போசளர் காலத்துத் தளபதி கங்கராஜர் திருமேனியைச் சுற்றித் திருச்சுற்றாலை எடுப்பித்துத் தம் பெயரைச் சாமுண்டராயரின் பெயருக்கு அருகிலேயே பொறித்தார். முன்னவரின் எழுத்தை அவர் அழிக்கவில்லை.

நம் இல்லங்களில்

இன்று நம் குடும்பங்களில் வாட்போர் இல்லை. மதிப்பெண் போர் உண்டு. அண்ணன் பிள்ளையும் தம்பி பிள்ளையும் ஒரே ஆண்டில் தேர்வு எழுதினால் பெரியவர்களின் முகமே தராசாகிவிடுகின்றது. நிலப் பாகம் பிரிக்கையில் ஒரு வரப்புக்காகப் பேச்சற்றுப் போனவர்கள் உண்டு. ஆலயப் பணியில் கூடத் திருப்பணிக் கல்லில் யார் பெயர் முன்னே என்னும் மனக்கசப்பு எழுகின்றது. போட்டியே கூடாது என்று நாம் கூற மாட்டோம். முயன்று முந்துவதில் பிள்ளைகளின் ஆற்றல் வளர்கின்றது, சாமுண்டராயரும் முந்தியவரே. ஆனால் அவர் முந்தக் கூடாத இடங்கள் சிலவற்றை அறிந்திருந்தார். மன்னருக்கு முன்னும், தாய்க்கு முன்னும், ஆசானுக்கு முன்னும் அவர் போட்டியிடவில்லை. அங்கெல்லாம் அமர்ந்து கேட்டார்.

ஆதலின் பெற்றோர்க்கு நாம் வேண்டிக்கொள்வது இரண்டு. பிள்ளைகள் வெல்லும் நாளில் தோற்றவர் மனத்தையும் எண்ணிப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். அத்தோற்றவர் சொந்த வீட்டிலேயே இருக்கக்கூடும். உடன்பிறந்தாரோடு மனத்தாங்கல் இருப்பின், சரி யார் பக்கம் என்று எண்ணிக்கொண்டிராமல் நீங்களே முதலில் சென்று பேசுங்கள். பாகுபலியின் தவத்துக்குப் பரதனின் ஒரு வணக்கம் தேவைப்பட்டது.

அடுத்த முறை விந்தியகிரி ஏறும்போது, பிள்ளைகளுக்கு மூன்றையும் காட்டுங்கள்: திருவடியருகே உள்ள தமிழெழுத்து, வெளியே நிற்கும் மூதாட்டி, மூன்று புறம் மழுங்கிய தூண். எது நிலைத்தது, எது அழிந்தது என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.